ஒரு 4 கூடிப்போனதால்: 5,900 மைல் எம்ஜிபியின் பூர்வீகம் தேடிய அனுபவம்

நான் வாங்கிய பழைய காரின் மைல் கணக்குக்கான தாள்கள் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் அந்த கராஜ் கவுன்டரில் கிடைத்த பதிலை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள், அதிலும் "குறைந்த மைல், ஒரிஜினல்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

வண்டி எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டனின் எம்ஜி கம்பெனி கட்டிய திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்), எல்இ என்ற கடைசி வரிசை. 1980 அக்டோபரில் அபிங்டன் ஆலையில் எம்ஜிபி உற்பத்தி நின்றது. கடைசியாக பிரிட்டன் சந்தைக்கென்று சுமார் ஆயிரம் வண்டிகளைத் தனி நிறத்தில் விட்டார்கள்: ரோட்ஸ்டர் வெண்கல நிறம், மூடிய கூரை ஜிடி ஈயச் சாம்பல் நிறம். இனி எம்ஜிபி வராது என்று தெரிந்தே வாங்கி, ஓட்டாமல் மூடிவைத்தவர்கள் நிறைய. அதனால் இந்த வரிசையில் சில ஆயிரம் மைல் மட்டுமே ஓடிய வண்டி நிஜமாகவே கிடைக்கும். ஓடித் தேய்ந்த வண்டியை அந்தக் கணக்கில் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓடோமீட்டரில் 5,900 சொச்சம். ஐந்து இலக்க மீட்டர்தான், 99,999 தாண்டினால் மறுபடி சைபரிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே மீட்டர் காட்டுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

விற்பவர் வியாபாரி. "பெரிய ஃபைல் இருக்கு சார், முழு வரலாறும் அதில் இருக்கு" என்றார். ஃபைல் கனமாகத்தான் இருந்தது. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி விளம்பரப் பிரசுரங்கள், பத்திரிகைக் கட்டுரைகளின் நகல்கள், ஓர் ஏல விற்பனைப் பட்டியல். தேதியும் மைலும் இந்த வண்டியின் நம்பரும் சேர்ந்து இருக்கிற தாள் எது என்று தேடினால் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. 1984 முதல் 2005 வரை சுத்தமாக ஒன்றுமே இல்லை. ஃபைலின் தடிமனைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த மூன்றும் சேர்ந்திருக்கிற தாள்களை மட்டும் தனியே எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஓட்டை எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும்.

"ஒரே கை" என்றும் சொன்னார். லாக் புக்கில் (வண்டியின் பதிவுத் தாள்) முந்தைய கீப்பர்கள், அதாவது பதிவில் பெயர் இருந்தவர்கள், இரண்டு பேர். இன்னொன்று, லாக் புக் என்பது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதற்குத்தான், உரிமைக்குச் சான்று அல்ல. அது அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. விற்பவரிடம் வாங்கிய ரசீதையும் கேட்டுப் பாருங்கள்.

கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது சிக்கலே இல்லாமல் முடிந்தது. ஆலைப் பதிவேட்டில் உள்ளபடி சேஸி எண், எஞ்சின் எண், கட்டிய தேதி, நிறம், உள் அலங்காரம், எந்த டீலருக்குப் போனது எல்லாம் வந்தன. ஃபைலில் ஏற்கெனவே ஒரு நகல் இருந்தது, இருந்தாலும் நானே புதிதாக வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பின் நம்பர் பிளேட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த டீலர் பெயரும் சான்றிதழில் இருந்த பெயரும் ஒன்று. கட்டியது 1980 செப்டம்பர், நம்பரில் இருப்பதோ 1981 ஆகஸ்டு முதல் பதிவான வண்டிகளுக்குத் தந்த எக்ஸ் எழுத்து. இதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. எல்இ வண்டிகள் விற்பனைக்கு வந்ததே 1981 ஜனவரியில்தான். விற்ற பிறகுதான் பதிவு செய்வார்கள்.

இதுவரை நன்றாகத்தான் போனது. அரசு இணையதளத்தில் எம்ஓடி (பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றைத் தட்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 2005 முதலான சோதனைகள் அதில் இலவசமாகக் கிடைக்கும். 2012இல் 5,588 மைல், 2013இல் 56,144, 2014இல் 5,702.

வியாபாரியைக் கூப்பிட்டேன். "அது டைப்பிங் தப்பு சார், எல்லா வண்டியிலும் இருக்கும். சனிக்கிழமை இன்னொருத்தர் பணத்தோட வரார்." தட்டச்சுப் பிழை என்றே எனக்கும் தோன்றியது. 5,614 அடிக்கும்போது கடைசி 4 இரண்டு தடவை அழுந்தினால் 56,144 ஆகிவிடும். ஆனால் தோன்றுவது ஆதாரம் ஆகாதே. நாளைக்கு நான் விற்கப்போனால் என்னிடமும் இதே கேள்வி வரும்.

சோதனை செய்த கராஜுக்கு போன் செய்தேன். பழைய ஜாப் கார்டுகள் (வேலைக் குறிப்புச் சீட்டுகள்) மாடியில் பெட்டிகளில் இருக்கின்றன, வந்தால் பார்க்கலாம் என்றார்கள். அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போனால், கவுன்டரில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. கராஜ் கைமாறிவிட்டது, பெட்டிகளை எல்லாம் அரைத்துத் தள்ளியாயிற்று, "கம்ப்யூட்டர்ல 56,144னா 56,144தான்." முந்தின வருஷமும் அடுத்த வருஷமும் ஐயாயிரத்தில் இருக்கிறதே என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். "மீட்டர் மாத்தியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையால் எனக்கு எத்தனை நாள் தூக்கம் போனது! போனில் "இருக்கு" என்று சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள். எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, மீட்டரை மாற்றியிருக்கிறார்களா என்று வண்டியையே பார்த்துவிடலாம் என்று எம்ஜிபிகளில் ஊறிய ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பீடோமீட்டரை வெளியே எடுத்தார். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகினால்தான் மீட்டரைத் திறக்க முடியும். திறந்திருந்தால் வளையத்தின் மடிப்புகளில் கீறல் விழும், உள்ளே இருக்கும் ரப்பர் இடம்மாறும். டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், கீறல் இல்லை. பெடல் ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன. கதவுக் கண்ணாடிகளில் டிரிப்லெக்ஸ் என்ற கண்ணாடிக் கம்பெனியின் முத்திரையைச் சுற்றி இருக்கும் பொடிப் புள்ளிகள் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் காலாண்டையும் சொல்லும். இரண்டு கதவிலும் ஒரே ஆண்டு, 1980க்குப் பொருந்தியது. டிக்கியில் இருந்த ஸ்டெப்னி டயரில் மூன்று இலக்கத் தேதிக் குறி. 2000க்கு முந்தைய டயர் என்றால் மூன்று இலக்கம்தான். தொண்ணூறுகளின் டயர்களில் பக்கத்தில் வழக்கமாக ஒரு சிறு முக்கோணமும் இருக்கும், இதில் இல்லை, ஆக பெரும்பாலும் அதற்கும் முந்தைய டயர்.

எஞ்சின் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எம்ஜிபியில் அது பிளாக்கின் வலப்பக்கம் ரிவிட் அடித்த தகட்டில் இருக்கிறது. தகட்டைக் கழற்றி வேறு எஞ்சினில் அடிப்பது பெரிய வித்தையே இல்லை. எண் பொருந்துகிறதா என்பதோடு நிறுத்தாமல் ரிவிட்டையும் சுற்றியுள்ள பெயிண்டையும் பாருங்கள். இதில் இரண்டும் சரியாக இருந்தன.

சரியில்லாதது ஓட்டுநர் பக்க முன் விங் (முன் சக்கரத்தை மூடும் தகடு). "பெயிண்ட் தொட்டதே இல்லை" என்பது வியாபாரியின் வாக்கு. பெயிண்டின் தடிமனைக் காட்டும் மீட்டரை வைத்தால் மற்ற தகடுகளைவிட அங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டியது. போனட்டைத் தூக்கிப் பார்த்தோம். எம்ஜிபியின் முன் விங் போல்ட் போட்டு மாட்டுவது. அந்தப் பக்கத்துப் போல்ட் தலைகளின் மூலைகளில் மட்டும் பெயிண்ட் உடைந்து உலோகம் தெரிந்தது, மறுபக்கத்தில் தலைகள் மொழுமொழுவென்று முழுசாக இருந்தன. விங்கை ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள். படம் எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் சனிக்கிழமைக்காரர் பேச்சே வரவில்லை, விலையும் இறங்கியது.

ஆனாலும் 56,144 அப்படியே நின்றது. வழி காட்டியது ஃபைலில் கிடந்த ஒரு பழைய பிரேக் வேலை பில். ஓட்டாமல் நிற்கிற வண்டிக்கும் பில் வரும். பிரேக் சிலிண்டர் கசியும், பெட்ரோல் குழாய் வெடிக்கும், பெட்ரோல் பம்பின் பாயின்ட் கருகும், டயர் தேயாமலே கெட்டுப்போகும். நாற்பது வருஷம் நின்ற வண்டிக்கு இந்த மாதிரி பில்லே இல்லை என்றால் எனக்கு அதுதான் பெரிய சந்தேகம். அந்த பில் கொடுத்த சின்னப் பட்டறை இன்னும் நடக்கிறது. பழைய வாடிக்கையாளரின் முகவரியை அவர்கள் தரவில்லை, தரவும் கூடாது. என் கடிதத்தை அங்கே அனுப்பிவைக்கிறோம் என்றார்கள்.

ஒரு மாலை போன் வந்தது. இரண்டாவது உரிமையாளரின் மனைவி. கணவர் இறந்த பிறகு வண்டியை விற்றபோது யாரும் தாள்களைக் கேட்கவே இல்லையாம். அதனால் உறையோடு அலமாரியிலேயே இருந்திருக்கிறது. பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. 1984 முதலான காகித எம்ஓடி சான்றிதழ்கள், இடையில் சில வருஷம் விட்டுப்போயிருந்தாலும் மைல் ஒழுங்காக ஏறிக்கொண்டே போனது. அதற்குள் 2013 சோதனை நடந்த அன்றே போட்ட சர்வீஸ் ரசீது, நீல மையில் கையால் எழுதிய 5,614! அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியவில்லை.

இப்படி மைல் தப்பாகப் பதிவாகியிருந்தால் 28 நாளுக்குள் சோதித்த கராஜே திருத்தலாம். தாண்டிவிட்டால் எம்ஓடியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏவுக்கு ஆதாரத்தோடு எழுத வேண்டும். அன்றைய எம்ஓடி பில், சர்வீஸ் ரசீது, புகைச் சோதனைச் சீட்டு, ஜாப் கார்டு, இதில் எது இருந்தாலும் அனுப்பலாம். ரசீதின் நகலை அனுப்பினேன், திருத்திவிட்டார்கள். திருத்துவதற்கு முந்தைய பக்கத்தையும் அச்செடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன். பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும் யாராவது பின்னால் கேட்டால் பதில் வேண்டுமல்லவா.

விங் எப்போது, எதனால் கழன்றது என்பதற்குத் தாள் கிடைக்கவில்லை. கேட்பவர்களிடம் அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி கட்டாயமில்லை, 2018 முதல் அந்த விலக்கு இருக்கிறது. நான் ஆண்டுதோறும் கொண்டுபோய்ச் சோதிக்கிறேன், மைல் பதிவு நிற்காமல் தொடர வேண்டும் என்பதற்காக. மீட்டரில் இருப்பதைச் சோதிப்பவர் கம்ப்யூட்டரில் அடிக்கும்போது பக்கத்திலேயே நின்று, சீட்டை வாங்கிச் சரிபார்த்த பிறகுதான் சாவியை வாங்குகிறேன்.