இடாப்புத் தூக்கிய பிள்ளை

"கல்லூரி எங்களுக்கு என்ன தந்தது எண்டு எழுதுங்கோ அக்கா" என்று எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தின் மலர்க்குழுத் தங்கை தொலைபேசியில் கேட்டார். பெறுபேறுகளையும் வெற்றிக் கிண்ணங்களையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு எழுத விருப்பமானது வேறொன்று. காலைப் பிரார்த்தனை வரிசையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் வகுப்பு வாசலிலும் நாங்கள் ஒருவரோடொருவர் பழகினோமே, அந்தப் பழக்கம்தான் எங்களை ஆளாக்கியது என்று நான் முழுமனதாக நம்புகிறேன். கனடா வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அந்த நம்பிக்கை இன்னும் உறுதியானது.

எட்டாம் வகுப்பில் எங்களோடு ஒரு பிள்ளை படித்தாள். பெயர் வேண்டாம், வகுப்புத் தோழிகளுக்கு யாரென்று விளங்கும். கடைசி வாங்கில் சுவரோரம் இருப்பாள். முந்தின வருடம் ஓர் ஆசிரியை அவளுக்கு 'ஊமை' என்று பட்டம் வைத்துவிட்டார். வகுப்பு அதையே பிடித்துக்கொண்டது. அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. தப்பித் தவறிக் கேட்டாலும், அவள் வாய் திறக்குமுன் பக்கத்துப் பிள்ளை பதிலைச் சொல்லிவிடும். கேட்க ஆளில்லாத இடத்தில் யார்தான் பேசுவார்கள்?

அந்த வருடம் வகுப்பாசிரியையாக வந்த கணித ரீச்சர் அவளிடம் இடாப்பை, அதாவது வரவுப் பதிவேட்டை, கொடுத்தார். காலையில் அலுவலகத்தில் இருந்து எடுத்து வரவேண்டும், பெயர் கூப்பிட்டு முடிந்ததும் வராதவர்களின் தொகையைக் கரும்பலகை மூலையில் எழுதவேண்டும், பிறகு திருப்பிக் கொண்டுபோய் வைக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. ரீச்சர் அவளைக் கூப்பிட்டுப் புத்திமதி சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அலுவலகத்துக்குப் போய்வருகிற பிள்ளையிடம் எல்லாருக்கும் ஏதாவது அலுவல் இருக்கும். "அதிபர் வந்திட்டாவோ?" "சோதினை நேரசூசி போட்டாச்சோ?" என்று பெரிய வகுப்பு அக்காமாரும் மறித்துக் கேட்பார்கள். லிகிதர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் சொல்லாமல் தப்ப வழியில்லை. மூன்றாம் தவணைக்குள், "இண்டைக்குச் சங்கீதம் இல்லையாம்" என்று வாசலில் நின்று வகுப்புக்கே அறிவிக்கிறவளாகிவிட்டாள். பிள்ளையின் குணமே மாறிவிட்டது என்று சொன்னார்கள். முதலில் மாறியது மற்றவர்கள் அவளோடு கதைத்த விதம். குணம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹோர்ட்டன் கூலி இதை 1902இலேயே எழுதிவைத்திருக்கிறார். மற்றவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன், பார்த்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று மனதுக்குள் ஊகித்துக்கொள்கிறோம். அந்த ஊகத்திலிருந்து பெருமையோ வெட்கமோ பிறக்கிறது. 'நான்' என்ற உணர்வு இப்படித்தான் உருவாகிறது, மற்றவர்களே எங்களுக்குக் கண்ணாடி என்றார் அவர். அந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்கு இடாப்புத் தூக்கிய பிள்ளைதான் கண்முன் நின்றாள்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஜோர்ஜ் ஹேர்பேட் மீட் இன்னும் ஒருபடி உள்ளே போனார். 1931இல் அவர் இறந்தபின், மாணவர்கள் வகுப்பில் எடுத்த குறிப்புகளைக் கொண்டு 1934இல் அவருடைய பாடங்களை நூலாக்கினார்கள். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா? சின்னப் பிள்ளைகள் ரீச்சராகவும் கடைக்காரராகவும் நடித்து விளையாடும்போது ஒரு நேரத்தில் ஒருவராக மட்டும் இருக்கிறார்கள். விதிகளுள்ள விளையாட்டுக்கு வந்தால் எல்லாருடைய இடத்தையும் ஒருசேர மனதில் வைத்திருக்க வேண்டும் என்றார் மீட். அவர் சொன்ன உதாரணம் பேஸ்போல். எங்களுக்குக் கிளித்தட்டு இருக்கிறது. நடுக்கோட்டில் ஓடும் கிளி எந்தப் பக்கம் திரும்பும், குறுக்குக்கோட்டில் நிற்பவள் யாரைக் குறிவைக்கிறாள், எங்கள் பக்கத்தவள் எந்தப் பெட்டியில் அகப்பட்டு நிற்கிறாள், இவ்வளவும் தெரியாமல் ஓரடி எடுத்துவைக்க முடியாது. இப்படிப் பழகப் பழக, மற்றவர்கள் எங்களிடம் எதிர்பார்ப்பது எங்களுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. மாணவத் தலைவிகள் ஒருவரும் நிற்காத நாட்களிலும் மேல்மாடி விறாந்தையில் நாங்கள் ஓடாமல் நடந்தது அதனால்தான்.

சமூகவியலாளர் எர்விங் கொஃப்மன் ஒரு வகையில் எங்கள் ஊர்க்காரர். 1922இல் கனடாவின் அல்பேர்ட்டாவில் பிறந்து, மனிற்றோபாவில் வளர்ந்து, 1945இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். பிறகு ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவுகளில் தங்கி, அங்கே ஒரு சின்ன ஹோட்டலின் குசினிக் கதவைக் கவனித்தார். தட்டுகளைத் தூக்கிப் போய்வர வசதி, விருந்தினரையும் பார்க்கலாம் என்று பணிப்பெண்கள் அதைத் திறந்துவைப்பார்கள். குசினிக்குள் தாங்கள் நடந்துகொள்ளும் விதத்தை விருந்தினர் பார்த்துவிடக் கூடாதென்று ஹோட்டலை நடத்தியவர்கள் மூடச் சொல்வார்கள். எல்லாருக்கும் ஒரு முன்மேடையும் ஒரு பின்மேடையும் உண்டு என்பது அவருடைய வாதம். எங்கள் ஆசிரியர் அறையின் அரைக்கதவு நினைவிருக்கிறதா? அதற்குக் கீழே செருப்பில்லாத கால்கள் தெரியும், சிரிப்புச் சத்தம் கேட்கும். மணி அடித்ததும் அதே ரீச்சர்மார் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, முகத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அந்த முகத்தைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். நாற்பது பிள்ளைகளைக் கட்டிக்காக்க அது தேவைப்பட்டது.

1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாண நகரை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்தபோது நான் ஏ.எல். (உயர்தர) வகுப்பு. தென்மராட்சியில் வேறொரு பாடசாலையின் கொட்டிலில் எங்களுக்குப் பின்னேர வகுப்புகள் தொடங்கின. கதவில்லை, மண்டபமில்லை. சீருடை பலரிடம் இல்லை. சிரேஷ்ட மாணவத் தலைவி தன் சின்னத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தவர். கையில் ஒரு சொப்பிங் பையோடு, பூப்போட்ட சட்டையில் மாமரத்தடியில் வந்து நின்றார். "வரிசையை நேராக்குங்கோ" என்றார், வழக்கமாகச் சொல்கிற அதே தொனியில். இருந்த பிள்ளைகள் இல்லம் இல்லமாகப் பிரிந்து, முன்னால் நிற்பவளின் தோளுக்குக் கை நீட்டி இடைவெளி பார்த்து நின்றார்கள். அவர் சொன்னார், நாங்கள் நேரானோம். அந்த நிமிடத்தில் அவர் திரும்பவும் மாணவத் தலைவி, நாங்கள் திரும்பவும் ஒரு கல்லூரி. ஒரு கல்லூரி எங்கே இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதே கதைக்கு ஒரு கூர்மையான பக்கமும் உண்டு. 1968இல் ரொசெந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் கலிபோர்னியாப் பள்ளி ஒன்றில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். கீழ்வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியது. அந்த விளைவு சொல்லப்பட்ட அளவுக்குப் பெரிதல்ல என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள், அதுவும் சரிதான். ஆனால் 'ஊமை' என்று ஒரு பிள்ளைக்குப் பட்டம் சூட்டிவிட்டுப் போவது சின்ன விஷயம் என்று யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

இங்கே எங்கள் ஒன்றுகூடலில் பார்த்திருப்பீர்கள். ஐம்பதை எட்டியவர்கள், வேலையிடத்தில் பத்துப் பேரை நடத்துகிறவர்கள், அந்தச் சிரேஷ்ட மாணவத் தலைவி மண்டபத்துக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள். அவரும் தன்னையறியாமல் கதிரை வரிசையைப் பார்க்கிறார். பழைய பழக்கம் எங்களைப் பழைய ஆட்களாகவே ஆக்கிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கும்.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மண்டபத்தில் கதிரை அடுக்குவதும் சாப்பாடு பரிமாறுவதும்தான் வேலையாக இருக்கிறது. அவர்களுக்குச் சங்கத்தில் பற்றில்லை என்று நாங்களே குறைப்படுகிறோம். வருகிற கூட்டத்தில் வரவேற்பு மேசையையும் உறுப்பினர் பதிவையும் அவர்களிடம் விடுவோம் என்று செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன். வாசலில் வருகிற ஒவ்வொரு அன்ரியும் அவர்களிடம் பெயர் சொல்லி, எந்த ஆண்டுப் பிரிவு என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தமிழ் தடுமாறினாலும் பக்கத்தில் நின்று நாங்கள் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது.