ஹிர்ட்ஸ் என்கிற நஃப்தலி: ஒரு தேடலின் நாட்குறிப்பு

நவம்பர் 4, 2024. ஸ்ட்ராஸ்பூர்

மேல்மாடி மதாம் இன்று கதவைத் தட்டி உள்ளே வந்தார். கையில் ஒரு செருப்புப் பெட்டி. புதுச்சேரியில் இருந்த என் கொள்ளுத்தாத்தாவின் பதிவேட்டை நான் தேடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். "உங்களுக்குப் பழைய கையெழுத்து படிக்க வரும் அல்லவா? என் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு 86 வயது. இனி யாரைக் கேட்பேன்?" என்றார்.

பெட்டியில் தாத்தாவின் குடும்பப் பதிவுப் புத்தகம், மூன்று புகைப்படங்கள், ஒரு இறப்புச் சான்று. ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் இந்தக் கிழக்குப் பிரான்சுப் பகுதியான அல்சாஸின் யூதக் குடும்பம். ஒரு நிபந்தனை வைத்தார்: குடும்பப் பெயரையும் ஊரையும் நான் எங்கும் எழுதக் கூடாது. சரி என்றேன். ஆகவே இந்தக் குறிப்புகளில் ஊர் வெறும் 'ஊர்' தான்.

நவம்பர் 9

சனிக்கிழமை. ஓய்வு நாள் என்பதால் மதாம் போனைத் தொட மாட்டார். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

கீழ்த் தலைமுறைகள் சுலபமாகக் கிடைத்துவிட்டன. 1871 முதல் 1918 வரை அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்ததால் அந்தக் காலப் பதிவுகள் ஜெர்மனில். அதற்கு முந்தியவை பிரெஞ்சில். பத்தாண்டுக்கு ஒரு பெயரட்டவணை இருப்பதால் படிக்குப் படி இறங்கலாம். மாலைக்குள் ஒரு முதியவரின் இறப்புப் பதிவுக்கு வந்து சேர்ந்தேன். 1841, வயது 68, கால்நடைத் தரகர், ஹிர்ட்ஸ் என்று பெயர், கூடவே மதாமின் அதே குடும்பப் பெயர். பெற்றோர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டு அண்டை வீட்டார்.

அப்படியானால் பிறப்பு 1773 வாக்கில். அரசின் பிறப்புப் பதிவு பிரான்சில் 1792இல்தான் தொடங்கியது. கத்தோலிக்கர் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். யூதருக்கு அதுவும் இல்லை.

நவம்பர் 16

இருப்பது 1784ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு. அல்சாஸ் யூதர்களைத் தேடுபவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

1784 ஜூலை 10 அன்று பதினாறாம் லூயி மன்னர் ஒரு ஆணை பிறப்பித்தார். யூதர்கள் அரசரின் அனுமதி இல்லாமல் திருமணம் செய்யக் கூடாது. மாகாணத்தில் இருக்க உரிமை உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரிக்க வேண்டும், இல்லாதவரை வெளியேற்ற வேண்டும். அதற்காக எடுத்த கணக்கு இது. மறு ஆண்டு கோல்மாரில் அச்சாகி வந்தது. தலைப்பிலேயே 'அல்சாஸ் மாகாணத்தில் சகித்துக்கொள்ளப்படும் யூதர்களின் பொதுக் கணக்கு' என்று இருக்கிறது. ஏறக்குறைய 20,000 பேர், கிராமம் கிராமமாக, குடும்பத்துக்கு ஒரு எண். தலைவர், மனைவி, மகன்கள், மகள்கள், வேலைக்காரர்கள். வயது கிடையாது. ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக்குள் அப்போது யூதர்கள் இரவு தங்கவே முடியாது. மாலையில் தேவாலயக் கோபுரத்திலிருந்து கொம்பு ஊதுவார்கள், வெளியே போய்விட வேண்டும். படைகளுக்குக் குதிரையும் தீவனமும் கொடுத்துவந்த செர்ஃப் பேர் என்ற பெரும் வணிகர் ஒருவர்தான் குடும்பத்தோடு உள்ளே வீடு பிடித்திருந்தார்.

மதாமின் குடும்பப் பெயரை இந்தக் கணக்கில் தேடினேன். நாங்கள் தேடும் ஊரில் இல்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் இருந்தது. அந்த வீட்டில் ஹிர்ட்ஸ் என்று ஒரு மகனும்! கிடைத்துவிட்டது என்று மேல்மாடிக்கு ஓடினேன்.

நவம்பர் 28

தவறு. இரண்டு வாரம் அந்த நாற்பது கிலோமீட்டர் ஊரின் குடும்பத்தைத் துருவித் துருவிப் பார்த்ததில், அந்த ஹிர்ட்ஸ் 1806இல் மனைவி மக்கள் இல்லாமல் இறந்த பதிவு கையில் வந்தது. நம் ஹிர்ட்ஸ் 1841 வரை வாழ்ந்தவர். மதாமிடம் போய்ச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அவர் அந்த ஊர்ப் பெயரைத் தன் பேத்திக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

இரவு உட்கார்ந்து எங்கே பிசகினேன் என்று யோசித்தேன். குடும்பப் பெயர் பழையது, அதைப் பிடித்துக்கொண்டே மேலே போகலாம் என்று நினைத்திருக்கிறேன். ஒரு தமிழருக்கு இந்த நினைப்பு வந்திருக்கவே கூடாது. 1784 பட்டியலில் பாதிக்கு மேல் நம் வீட்டு வழக்கம்தானே? 'ஹிர்ட்ஸ் லெயிசெர்' என்றால் லெயிசெர் மகன் ஹிர்ட்ஸ். தகப்பன் பெயர் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். நாம் இனிஷியலாக முன்னால் போடுகிறோம், அவர்கள் பின்னால் போட்டார்கள். ஹிர்ட்ஸின் மகன் அடுத்த தலைமுறையில் இன்னார் ஹிர்ட்ஸ் ஆகிவிடுவான். லெவி, கான், ப்ளோக், வெய்ல் என்று ஏற்கெனவே நிலைத்த பெயர்கள் உள்ள வீடுகளும் உண்டு. ஆனால் அப்படி இல்லாத வீடுகளுக்கு 1808 வரை நிலையான குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை.

1808 ஜூலை 20 அன்று நெப்போலியன் பாயோன் நகரில் இருந்தபடி ஆணையிட்டார்: நிலையான பெயர் இல்லாத யூதர்கள் மூன்று மாதத்துக்குள் நகராட்சிக்குப் போய் ஒரு பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய ஏற்பாட்டுப் பெயரைக் குடும்பப் பெயராக வைக்கக் கூடாது, நகரங்களின் பெயரும் கூடாது. முன்பிருந்தே அப்படிப்பட்ட பெயரில் அறியப்பட்டவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெய்ல், வைல் டெர் ஷ்டாட் என்ற ஊரின் பெயர் என்பார்கள். தப்பியது அதனால்தான்.

மதாமின் குடும்பப் பெயருக்கு, அப்படியானால், வயது 216 ஆக இருக்கலாம். குடும்பம் அதைவிட எவ்வளவோ மூத்தது.

டிசம்பர் 3

எங்கள் ஊரின் 1808 பெயர்ப் பதிவேட்டின் ஸ்கேன். ஒரே எழுத்தரின் கை, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப: 'மேயராகிய எமக்கு முன் இன்னார் வந்து, இன்ன பெயரைக் குடும்பப் பெயராகவும் இன்ன பெயரை முன்பெயராகவும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்.' அக்டோபர் மாதம் முழுக்க இதுவேதான். கெடு முடியப் போகிறது என்று கடைசி வாரத்தில் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார்கள். எழுத்தரின் மசி அந்தப் பக்கங்களில் நீர்த்துப் போயிருக்கிறது. தண்ணீர் ஊற்றினாரோ என்னவோ.

ஏழாம் பக்கத்தில் ஹிர்ட்ஸ். மதாமின் குடும்பப் பெயரை அன்றுதான் எடுத்திருக்கிறார். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. தகப்பன் பெயரும் இல்லை. ஆனால் அடியில் ஒரு கையெழுத்து. எபிரேய எழுத்து, வலமிருந்து இடமாக, மெல்லிய சாய்ந்த கோடுகள். எனக்குப் படிக்க வராது.

டிசம்பர் 5

பெரிதாக்கி அச்செடுத்து மேல்மாடிக்குக் கொண்டுபோனேன். மதாமுக்குத் தெரிந்தது ஜெபப் புத்தகத்தின் அச்செழுத்து. இது பழைய கையெழுத்து, அச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது. முதலில் "முடியாது" என்றார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இதோ லாமெத்" என்றார். மற்ற எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் குனிந்து போக, லாமெத் மட்டும் தலையை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்று சொற்களில் இரண்டு இடத்தில் அது இருந்தது: முதல் சொல்லில் நான்காவது எழுத்து, மூன்றாம் சொல்லில் இரண்டாவது எழுத்து. நடுச்சொல் இரண்டே எழுத்து, 'பர்'. மகன் என்று பொருள். விரலால் மேசை மேல் எழுதி எழுதிப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் காபியைக்கூடக் குடிக்கவில்லை.

"நஃப்தலி. நஃப்தலி பர் எலியேசெர்."

பிரெஞ்சு எழுத்தருக்கு ஹிர்ட்ஸ், கையெழுத்தில் நஃப்தலி. இரண்டும் ஒரே ஆள். வீட்டிலும் சந்தையிலும் கூப்பிட, ஜெர்மனுக்கு நெருங்கிய யூதப் பேச்சுமொழியான இத்திஷில் ஒரு பெயர், ஜெப ஆலயத்தில் எபிரேயப் பெயர். ஹிர்ட்ஸ் என்றால் மான். அம்மாவின் பழைய வேதாகமத்தில் ஆதியாகமம் 49ஆம் அதிகாரத்தை எடுத்தேன். யாக்கோபு தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசியில் நப்தலி பெண்மான், யூதா பாலசிங்கம், பென்யமீன் பீறுகிற ஓநாய். ஆகவே நஃப்தலி ஹிர்ட்ஸ், யூதா லெயிப், பென்யமீன் வோல்ஃப் என்று ஜோடி ஜோடியாக வரும். இந்த ஜோடிகள் தெரியாமல் அல்சாஸ் பட்டியலைத் தொடவே கூடாது என்று இப்போது சொல்வேன். எலியேசெருக்கு ஜோடி லெயிசெர்.

டிசம்பர் 8

1784 கணக்கு, எங்கள் ஊர். இந்த முறை குடும்பப் பெயரைத் தேடவில்லை. லெயிசெர் என்ற தகப்பனையும் ஹிர்ட்ஸ் என்ற மகனையும் தேடினேன். ஊரில் மூன்று லெயிசெர். அதில் ஒருவருக்குத்தான் ஹிர்ட்ஸ் என்று மகன். மனைவி கெல்லே. மகன்கள் ஹிர்ட்ஸ், லெயிப். மகள் ஃப்ரோமெத். ஒரு வேலைக்காரப் பெண்.

இன்னொரு சாட்சி வேண்டும். ஹிர்ட்ஸின் மூத்த மகன், பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிப்படி, குடியரசு ஆண்டு 9இல் பிறந்தவன். நம் கணக்கில் 1800 – 1801. அவன் பெயர் லெயிசெர். அஷ்கெனாசி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், உயிரோடு இருப்பவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள். இறந்த தாத்தா பாட்டியின் பெயர்தான். நம்மிடம் 'பெயரன்' என்பதே 'பேரன்' ஆனது, தாத்தாவின் பெயரை ஏந்தியவன். அங்கே அதற்கு ஒரு தேதியும் சேர்ந்துவிடுகிறது: பேரன் லெயிசெர் பிறந்திருக்கிறான் என்றால் தாத்தா லெயிசெர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

திரும்ப 1808 பதிவேட்டைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கம்: லெயிசெரின் விதவை கெல்லே. கையெழுத்துக்குப் பதில் ஒரு வட்டம். அவர் எடுத்த குடும்பப் பெயர் வேறு. அடுத்த பதிவில் இளைய மகன் லெயிப், தாயின் பெயரையே எடுத்திருக்கிறான். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு வேறொன்று. இரண்டு பெயரும் இன்றும் ஸ்ட்ராஸ்பூரில் கதவு மணிகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

மதாமிடம் சொன்னபோது நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெயர்க்காரர்களோடு ஐம்பது வருஷம் ஒரே ஜெப ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். கெல்லே என்ற பெயரைப் பலமுறை சொல்லிப் பார்த்தார்.

டிசம்பர் 15

இன்று அவராகவே பேசினார். 1939 செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தையே காலி செய்து மக்களைத் தெற்கே தோர்தோன் பக்கம் அனுப்பினார்கள். மதாம் அப்போது கைக்குழந்தை. 1941 ஜூனில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு யூதர்கள் எல்லாரும் வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது. அப்பாவின் அத்தை சட்டத்தை மதிப்பவர். போய்ப் பதிந்தார். சரியான முகவரியையும் கொடுத்தார். பாரிஸ் அருகே டிரான்சி தடுப்பு முகாம் வழியாக ஆஷ்விட்ஸ் கொலை முகாம். பாரிஸில் ஷோவா (யூத இனப்படுகொலை) நினைவகத்தின் பெயர்ச் சுவரில் சுமார் 76,000 பெயர்களில் ஒன்றாக இருக்கிறார்.

"எங்கள் வீட்டில் பட்டியல் என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டோம். நீங்கள் 1784 பட்டியல் என்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. 1784 பட்டியலும் துரத்துவதற்காக எடுத்ததுதான். ஃப்ரோமெத் என்று ஒரு சிறுமி அந்த ஊரில் வாழ்ந்தாள் என்பதற்கு அந்த அச்சுப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. அவளை யாராவது துரத்த நினைத்திருக்காவிட்டால் அவள் பெயர் எனக்குக் கிடைத்திருக்காது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 19

மதாமை அல்சாஸ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக்குள் நீளமான துணிப்பட்டைகள். மாப்பா என்கிறார்கள். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது சுற்றிய துணியை நீளவாட்டில் நான்காகக் கிழித்து, முனையோடு முனை தைத்து, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் நூலால் எழுதுவார்கள். தோரா என்ற வேதநூலுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் இவன் வளரட்டும் என்று முடியும். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் ஜெப ஆலயத்துக்குக் கொடுத்து, தோராச் சுருளைக் கட்டுவார்கள். பழைய ஜெப ஆலயங்களின் பரண்களிலிருந்து இப்படி நிறைய எடுத்திருக்கிறார்கள்.

ஒரு பட்டையில் லாமெத்தின் நீண்ட கழுத்தை மட்டும் பறவை மாதிரி தைத்திருந்தார்கள், அலகில் பூவோடு. மதாம் அதற்கு முன்னால் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் 26

யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்கா, இரண்டாம் இரவு. மேல்மாடியில் விளக்கேற்றினார்கள். பேத்தியும் வந்திருந்தாள். அவள் கேட்டு, குடும்ப மரத்தை ஒரு பெரிய தாளில் எழுதிக் கொடுத்தேன். மேலே லெயிசெர், கெல்லே. கீழே மூன்று கிளை. ஃப்ரோமெத் கிளை காலியாக இருக்கிறது. ஜனவரியில் நோட்டரிகளிடம் பதிந்த திருமண ஒப்பந்தங்களில் தேட வேண்டும்.

"உங்கள் குடும்பப் பெயர் யார் வைத்தது?" என்று பேத்தி கேட்டாள். சொன்னேன். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு குடும்பப் பெயர் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் கொள்ளுத்தாத்தா அப்படி எடுத்த பெயர்தான் என் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அதற்கு முன் அவர் இன்னார் மகன் இன்னார்.

மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பிரெஞ்சு வாக்கியங்களுக்கு அடியில் தமிழில் கையெழுத்து. மதாம் பூதக்கண்ணாடியைத் திரைமேல் வைத்தார். "இதில் உயரமான எழுத்து எது?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.