புளி உருண்டையோடு விளக்குக் கடைக்குப் போன கதை

ஜனவரி கடைசி

எங்கள் வீடு சூளகிரிக்குப் பக்கத்தில், தாத்தா கட்டியது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரை ஓடும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை, கல் பலகைதான். ஹால் 12க்கு 16 அடி. குறுக்கே நடுவில் ஒரு கல் உத்திரம். அதிலிருந்து இரண்டு பக்கமும் சுவர்வரைக்கும் 8 அடிக் கற்கள். வெயில் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கும் அந்தக் கல் சூடு கக்கும். அதற்காகவும், சுவரெல்லாம் ஊர்ந்து போகும் ஒயர் பைப்புகளை மறைக்கவும் இந்த வருஷம் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட முடிவானது. சீலிங் வந்தால் அதற்குள் பதிக்கிற எல்இடி விளக்கும் வரும்தானே. நான் எலக்ட்ரீஷியன் இல்லை. கையில் டெஸ்டரும், மனசில் கொஞ்சம் பிடிவாதமும் உள்ள ஆள். அவ்வளவுதான்.

வயரிங் அண்ணன் வந்து ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு லைட்டு போட்டுடலாம் தம்பி, பதினஞ்சு வாட்டு. ஜம்முனு இருக்கும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு ராத்திரி கணக்குப் போட்டேன். ஹால் ஏறத்தாழ 17.8 சதுர மீட்டர். லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன். புழங்குவதற்கு 150 லக்ஸ் போதும் என்று வைத்தால் 2,670 லூமன் தரைக்கு வர வேண்டும். சுவரும் சாமானும் தின்பது, நாள்பட விளக்கு மங்குவது எல்லாம் சேர்த்துப் பாதி போய்விடும் என்று எடுத்தாலும் மொத்தம் 5,340 லூமன் சுற்றி வரும். அண்ணன் சொன்ன 12 விளக்குகள், வாட்டுக்கு 90 லூமன் வீதம், 16,200 லூமன். மூன்று பங்கு. நகைக்கடையா நடத்தப் போகிறோம்?

பிப்ரவரி, முதல் ஞாயிறு

புளி சீசன். மரத்திலிருந்து உலுக்கிய புளி மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது. அம்மா வாசல் நிலைக்கு உள்பக்கம், வடக்குச் சுவரை ஒட்டித்தான் எப்போதும் உட்காருவார். ஓடு உடைப்பது, நார் எடுப்பது, கொட்டை தட்டுவது, ராகி புடைப்பது எல்லாம் அந்த மூன்றடி இடத்தில்தான் நடக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனது. பார்வை நன்றாகவே இருக்கிறது, ஆனால் டியூப் லைட்டை நேராகப் பார்த்தால் கையை நெற்றியில் வைத்துக்கொள்வார்.

அண்ணன் தரையில் சாக்கட்டியால் போட்டுக் காட்டிய வரைபடத்தில் நான்கு மூன்று கட்டமாக அழகாக இருந்தது. ஒரே குறை, அம்மா உட்காரும் இடம் இரண்டு வட்டத்துக்கு நடுவில் விழுந்திருந்தது. அங்கேதான் எனக்கு உறைத்தது. மேலே பார்த்து விளக்கு வைப்பது தப்பு. கீழே யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வைக்க வேண்டும்.

அடுத்த சனி, ஓசூர்

ஒரு பிளாஸ்டிக் கவரில் புதுப் புளி ஒரு உருண்டை, போன வருஷத்துப் பழைய புளி ஒரு உருண்டை, இன்னொரு கவரில் ஒரு பிடி ராகி. இதைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குக் கடையில் நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார்.

விஷயம் இதுதான். வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடி. அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்இடிக்காகத்தான் 2014இல் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். மலிவு விளக்கில் இந்தக் கலவையில் சிவப்பு குறைந்துபோகும். புதுப் புளியின் செம்பழுப்பும் ராகியின் சிவப்பும் அந்த வெளிச்சத்தில் கறுத்துவிடும். எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் நிறம் பிரியாது. பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருக்கும், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு அது. 80 சாதாரணம், 90க்கு மேல் நல்லது. ஆனால் சிஆர்ஐ கணக்கில் ஆழ்ந்த சிவப்பு சேருவதில்லை. அதற்குத் தனியாக ஆர்9 என்று ஒன்று உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் அது இருக்காது. அதனால்தான் புளி.

கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான எண், கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். 6500 கெல்வின் கூல் டே லைட், சிஆர்ஐ 80: இரண்டு உருண்டையும் ஒரே கறுப்பு. அதே கம்பெனியின் 3000 கெல்வின் வார்ம்: கொஞ்சம் பிரிந்தது, ஆனால் எல்லாமே தேன் தடவியது மாதிரி. 4000 கெல்வின் நேச்சுரல் ஒயிட், சிஆர்ஐ 90: புதுசு புதுசாக, பழசு பழசாக. கடைக்காரர் கவுண்டர் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். "சார், இனிமே இதை நானும் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிக்கிறேன்."

இன்னொரு பரிசோதனையும் அங்கேயே செய்தேன். போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் படம் எடுப்பது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மோசமான டிரைவர் (எல்இடிக்கு ஏற்ற மாதிரி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) உள்ள விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் வெளிச்சம் அலையடிக்கும். ஐந்து விளக்கில் இரண்டு அங்கேயே கழிந்தன. அதில் ஒன்று விலை அதிகமானது.

பெட்டியின் பின்பக்கம் இந்தியத் தரக் குறியீடான ஐஎஸ் எண்ணையும் பார்த்தேன். பதிக்கிற விளக்குக்கு ஐஎஸ் 10322, டிரைவருக்கு ஐஎஸ் 15885, கூடவே 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண். இது இல்லாத ரகமும் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது.

சிவராத்திரிக்கு மறுநாள்

ஒரு தப்பு செய்தேன். த்ரீ இன் ஒன் என்று ஒரு வகை உண்டு. சுவிட்சை அணைத்துப் போட்டால் வெள்ளை, மஞ்சள், நடுவாந்திரம் என்று நிறம் மாறும். ஆசைக்கு இரண்டு வாங்கி மாட்டிப் பார்த்தேன். முந்தின ராத்திரி கண் சிமிட்டுகிற நேரம் கரண்ட் போய் வந்தது. ஒன்று மஞ்சளுக்குப் போனது, இன்னொன்று வெள்ளையிலேயே நின்றது. ஒரே கூரைக்குக் கீழே பாதி வீடு கல்யாண மண்டபம், பாதி ஆஸ்பத்திரி. அணைத்து அணைத்துப் போட்டுத்தான் இரண்டையும் ஒன்று சேர்க்க முடிந்தது. எங்கள் பக்கம் லைன் ஆடுகிற ஆட்டத்துக்கு இது சரிப்படாது. இரண்டும் இப்போது கழிவறையில் ஒன்று, மாட்டுக்கொட்டகையில் ஒன்று.

ஹால் முழுக்க 4000 கெல்வின் என்று அன்றைக்கே முடிவு. "மஞ்சக் காமாலை வெளிச்சம் எனக்கு வேணாஞ் சாமி" என்று அம்மாவும் சொல்லிவிட்டார். படுக்கையறைக்கு மட்டும் 3000.

மார்ச் முதல் வாரம்

சீலிங் மேஸ்திரி வந்தார். முதல் கேள்வி உயரம். உத்திரத்தின் அடிப்பாகம் 9 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. உத்திரத்துக்கு நேர் கீழே விளக்கு வந்தால் அதன் உடம்பும் டிரைவரும் அடங்க 6 அங்குலம் இறக்க வேண்டும். அங்கே விளக்கே வேண்டாம் என்று முடிவு செய்ததும் 3 அங்குலம் போதுமானது. சீலிங் 9 அடி 6 அங்குலத்தில் நின்றது. ஃபேனும் அந்த உத்திரத்துக் கொக்கியில்தான் தொங்குகிறது, அதனால் நடுவை எப்படியும் காலியாக விட்டாக வேண்டும்.

ஃபேன் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 1,200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரைக்கும் சுழலும். சீலிங்குக்கு ஒரு அடி கீழே இறக்கை இருந்தால், 60 டிகிரி கோணத்தில் விரியும் விளக்கின் வெளிச்சம் அந்த ஒரு அடியில் பக்கவாட்டில் ஏழு அங்குலம் விரிந்திருக்கும். ஆக நடுவிலிருந்து 3 அடிக்குள் விளக்கு வந்தால் இறக்கை வெளிச்சத்தை வெட்டும், தரையில் நிழல் படபடக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தலை வலிக்கும்.

பிறகு கல். சீலிங் தாங்கும் கம்பிக்கு ஆங்கர் அடிக்கக் கருங்கல்லில் ஓட்டை போட வேண்டும். மேஸ்திரி இரண்டு பிட்டைத் தீய்த்தார். ஹேமர் டிரில்லை ரொம்ப அழுத்தினால் பலகை விரிசல் விடுமோ என்று எனக்குப் பயம், "உங்க தாத்தா போட்ட கல்லு, ஒண்ணும் ஆகாது" என்று அவருக்குச் சிரிப்பு. ஒன்றும் ஆகவில்லை.

சீலிங் போர்டைப் பூட்டுகிற ஜிஐ சேனல் (இரும்புச் சட்டம்) கட்டுவதற்கு முன்னாலேயே விளக்கு வரும் இடங்களைத் தரையில் குறித்து, தூக்குக்குண்டு விட்டு மேலே ஏற்றியிருந்தேன். ஆறு சரியாக வந்தது. ஏழாவது நேராகச் சேனல் மேலேயே உட்கார்ந்தது, குறித்த அடையாளத்தை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். உதவிக்கு வந்த பையன் வட்ட ரம்பத்தைப் போட்ட பிறகுதான் கிர்ர்ர் சத்தம் வந்தது. நான்கு அங்குலம் தள்ளி வேறு ஓட்டை, பழைய ஓட்டைக்கு ஜிப்சம் துண்டு, டேப், பட்டி. தெரிந்தவர்கள் பார்த்தால் இன்னமும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓட்டை அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, 75 மில்லிமீட்டர் என்பார் ஒருவர், 90 என்பார் இன்னொருவர். விளக்கைக் கையில் வாங்காமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது.

கடைசியாக வந்த கணக்கு: பொது வெளிச்சத்துக்கு 10 வாட் நான்கு, 60 டிகிரி. சாமி மாடத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் 7 வாட் ஒவ்வொன்று. அம்மா இடத்துக்கு 10 வாட் ஒன்று, 36 டிகிரி. மொத்தம் ஏழு, 64 வாட். மூன்று தனிச் சுவிட்ச். வயரிங் அண்ணன் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழா? பத்தாது தம்பி" என்றார்.

மார்ச் 10 வாக்கில்

அம்மா விளக்குக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கப் போனது. சீலிங்கிலிருந்து அம்மாவின் மடியில் இருக்கும் முறம் வரை எட்டரை அடி. 24 டிகிரி விளக்கு அங்கே மூன்றரை அடி வட்டம் போடும், கொஞ்சம் நகர்ந்தாலும் இருட்டு. 60 டிகிரி கிட்டத்தட்ட பத்தடிக்குப் பரவி நீர்த்துவிடும். 36 டிகிரிக்கு ஐந்தரை அடி, மனுஷிக்கும் முறத்துக்கும் பக்கத்துப் புளிக் குவியலுக்கும் சரியாக இருந்தது.

முதலில் நேர் தலைக்கு மேலே வைத்துப் பார்த்தோம். சீலிங் போர்டு பூட்டுவதற்கு முன்பே ஏணியில் நின்று கையில் பிடித்துத்தான். நேர் மேலே வைத்தால் அம்மாவின் தலை நிழல் முறத்தில் விழுகிறது! ஒன்றரை அடி முன்னால், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியதும் நிழல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. தையல்காரரும் இப்படித்தான் விளக்கு வைப்பார், எனக்குத்தான் யோசிக்கத் தெரியவில்லை.

கண் கூச்சத்துக்கு, உள்ளே ஆழமாகப் பதிந்து கறுப்பு வளையம் வைத்த ரகம் எடுத்தேன். பாய் விரித்துப் படுத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். தட்டையான பேனல் விளக்கு எங்கே நின்றாலும் கண்ணைக் குத்தும். இது நேர் கீழே தலையைத் தூக்கிப் பார்த்தால் மட்டும்தான். அதற்காக லூமனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

மார்ச் நடுவில்

எல்லாம் மாட்டி முடித்த ராத்திரி, சுவிட்ச் அணைத்த பிறகும் நான்கு விளக்கு மின்மினிப் பூச்சி மாதிரி மினுங்கின. அம்மா பேய் என்றார். டெஸ்டரை வைத்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே விளக்கு ஒயரில் எரிகிறது. பழைய வயரிங்கில் சுவிட்ச் பேஸை (கரண்ட் வரும் ஒயரை) வெட்டாமல் நியூட்ரலை (திரும்பிப் போகும் ஒயரை) வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது, எத்தனை வருஷமாகவோ. குண்டு பல்புக்கு இந்தச் சொட்டுக் கரண்ட் ஒரு பொருட்டே இல்லை. எல்இடி டிரைவரில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மினுங்குகிறது. இத்தனை காலம் பல்பு மாற்றும்போதெல்லாம் நாங்கள் உயிரோடு இருந்தது அதிர்ஷ்டம். அண்ணன் மறுநாள் காலையிலேயே வந்து போர்டில் பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றினார். மினுங்கல் நின்றது.

சூடும் ஒரு கவலை. கல்லுக்கும் ஜிப்சத்துக்கும் நடுவில் ஒரு தெர்மாமீட்டர் ஒயரைத் தொங்கவிட்டிருக்கிறேன். சாயந்திரம் நாலு மணிக்கு 41 டிகிரி, விளக்கு ஒன்றும் எரியாமலேயே. டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுக் கணக்கு. அதனால் டிரைவர் தனியாகக் கழற்றுகிற ரகமாகப் பார்த்து வாங்கி, அதே மாடலில் இரண்டு டிரைவர் கூடுதலாக எடுத்து பீரோவில் போட்டிருக்கிறேன், மார்க்கரில் தேதி எழுதி. விளக்கு செத்துப்போவதைவிட டிரைவர் செத்துப்போவதுதான் அதிகம். மூன்று வருஷம் கழித்து அந்த மாடல் கடையில் இருக்காது.

யுகாதி அன்று

சமையலறைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மேடைக்கு மேலே இரண்டு, அவ்வளவுதான். படுக்கையறை அடுத்த மாசம்.

விருந்துக்கு வந்த சித்தப்பா ஹாலில் நின்று மேலே பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு லைட்டு போட்டிருக்கலாமேப்பா" என்றார். வயரிங் அண்ணனும் வந்திருந்தார், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் பதில் சொல்வதற்குள் அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராகியிலிருந்து பொறுக்கிய கல் மூன்று உள்ளங்கையில்.

"போன மாசமா இருந்தா இதெல்லாம் களியில போயிருக்கும். நீதான் தின்னிருப்ப" என்று சித்தப்பாவிடம் நீட்டினார்.