தனிமைக் கிணறு: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 4

ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' ஆரம்பித்தாயிற்று. 1928 ஜூலையில் லண்டனில் வெளிவந்த நாவல், பெண்களைக் காதலிக்கும் ஒரு பெண்ணின் கதை. ஆண் குழந்தைதான் என்று நம்பியிருந்த சர் பிலிப், பிறந்த பெண்ணுக்கும் ஸ்டீபன் என்றே பெயர் வைக்கிறார். மால்வெர்ன் குன்றுகள், மார்ட்டன் மாளிகை, குதிரைகள், நரிவேட்டை. நடை கனம்தான், ஒரு வரியில் தீரும் துக்கத்தைப் பக்கம் பக்கமாக இழுக்கிறார். தாய் ஆனா வரும் இடங்கள் வேறு மாதிரி. பெற்ற மகளைத் தொடவே கூசும் தாயை இவ்வளவு நேராக எழுதத் துணிச்சல் வேண்டும்.

ஜூன் 9

ஸ்டீபன் காதலித்த ஏஞ்சலா கைவிட்டாள், தாய் வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டாள். அந்த இரவில் ஸ்டீபன், இறந்துபோன அப்பாவின் பூட்டிய புத்தக அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே ஒருபால் ஈர்ப்பைப் பற்றியும் பேசும், கிராஃப்ட்-எபிங் எழுதிய மருத்துவ நூல். ஓரங்களில் அப்பாவின் பொடிக் கையெழுத்து. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரம் விழுந்து சாகும் நேரத்தில்தான் மனைவியிடம் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. எல்லோரும் நல்லவர் என்று கொண்டாடும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஜூன் 13

முதல் உலகப்போர், ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண்கள், அவர்களில் ஸ்டீபன் காதலிக்கும் மேரி. அன்றிரவு அவர்கள் பிரிந்திருக்கவில்லை என்ற ஒரு வரிக்குமேல் படுக்கையறை கிடையாது. இதற்கா அத்தனை கூச்சல்? 'சண்டே எக்ஸ்பிரஸ்' ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ், இந்த நாவலைவிடப் பிள்ளைகள் கையில் ஒரு குப்பி பிரசிக் அமில விஷத்தைக் கொடுப்பேன் என்று எழுதினார். நவம்பரில், நாவல் ஆபாசமானது என்ற வழக்கு லண்டன் பௌ ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்கு வந்தது. நாவலுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல எழுத்தாளர்கள் வந்திருந்தார்கள், வர்ஜீனியா வுல்ஃபும் இருந்தார். நீதிபதி சார்ட்ரஸ் பைரன் அவர்களைப் பேசவே விடவில்லை. நன்றாக எழுதப்பட்டிருந்தால் கேடு இன்னும் அதிகம் என்பது அவர் கட்சி. பிரதிகளை அழிக்கத் தீர்ப்பு. பிரிட்டனில் மறுபடி அச்சானது 1949இல். ஹால் 1943லேயே போய்விட்டார்.

ஜூன் 16

முடித்துவிட்டேன். மேரிக்கு 'நல்ல வாழ்க்கை' அமையட்டும் என்று, தோழி வலேரியோடு தனக்கு உறவு இருப்பதாக ஸ்டீபன் நடிக்கிறாள். மனமுடைந்த மேரி, தன்னை விரும்பும் மார்ட்டின் என்பவனிடம் போகிறாள். தியாகமாம். அப்பனைப் போலவே மகளும்! மேரிக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.