மோட்டார் வயிற்றுக்கு வெளியேதான்

அறுவை சிகிச்சை ரோபோ என்று ஆரம்பித்தாலே பேச்சு கேமராவுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் ஓடிவிடுகிறது. எனக்கு அது இரண்டாம்பட்சம். கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். எந்த மெஷினைப் பார்த்தாலும் இதை எது இழுக்கிறது, எது தள்ளுகிறது என்றுதான் கண் தேடும்.

ஆயுள் முடிந்து, கிருமி நீக்கமும் செய்த கருவி ஒன்று, டாவின்சி என்ற அறுவை ரோபோவின் கையில் மாட்டுவது, கைக்குக் கிடைத்தது. பழைய எஸ்ஐ மாடலுக்கானது, தையல் ஊசியைப் பிடிப்பது. மாமாவின் கடை மேஜையில் வைத்துப் பிரித்தோம். முனையில் இருக்கும் குட்டி மணிக்கட்டை விரலால் ஆட்டிப் பார்த்த மாமா, "மோட்டார எங்க கண்ணு ஒளிச்சு வெச்சிருக்கான்?" என்றார்.

"இதுக்குள்ள இல்லீங் மாமா. வெளிய, ரோபோ கையில இருக்குதுங்."

அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்க்குள் மோட்டாரை வைத்தால் என்ன ஆகும்? அந்த அளவில் மோட்டார் கிடைக்கும், தையலை இறுக்கும் அளவுக்கு பலம் கிடைக்காது. பலத்துக்காக கியர் போட்டால் வேகம் போய்விடும். கரண்டைக் கூட்டினால் சூடு, அதுவும் குடலுக்குப் பக்கத்தில். இதையெல்லாம் தாண்டினாலும், ஒவ்வொரு அறுவைக்குப் பிறகும் கருவி 134 டிகிரி நீராவிக்குள் போயாக வேண்டும். மோட்டாரின் காந்தமும், சுழற்சியை அளக்கும் என்கோடரும் அதை எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் மோட்டார்கள் வெளியே, கிருமி அண்டாமல் ரோபோ கைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் உறைக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன.

கருவியின் பின்பக்கத்தில் நான்கு வட்டத் தட்டுகள். ரோபோ கையின் மோட்டார்கள் அவற்றைத்தான் திருப்புகின்றன. ஒன்று குழாயைச் சுழற்ற, ஒன்று மணிக்கட்டை மடக்க, மீதி இரண்டும் முனையில் ஊசியைக் கவ்வும் இரண்டு தாடைகளுக்கு, தாடைக்கு ஒன்றாக. மூடியைக் கழற்றினால் மெல்லிய டங்ஸ்டன் கம்பி வடங்கள் சுற்றப்பட்டிருப்பது தெரியும். குழாயின் நேரான பகுதியில் மட்டும் வடத்துக்குப் பதில் விறைப்பான எஃகுக் குழல். வளையத் தேவையில்லாத இடத்தில் வடத்தைப் போட்டால் அது நீளும், நீண்டால் முனை பின்தங்கும். இந்தக் கஞ்சத்தனமான புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தாடை வடங்கள் மணிக்கட்டைத் தாண்டிப் போவதால், மணிக்கட்டு மடங்கும்போது தாடையும் சேர்ந்து இழுபடும். அதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்வது கணினியின் வேலை.

எஸ்ஐ தலைமுறையில் பெரும்பாலான கருவிகளுக்கு 10 அறுவைதான் ஆயுள். உள்ளே இருக்கும் சிப் எண்ணிக்கொண்டே வரும். 2020இல் அடுத்த தலைமுறைக் கருவிகள் பலவற்றுக்கு இதை 12 முதல் 18 வரை உயர்த்தினார்கள். சின்னஞ்சிறு கப்பியில் மடங்கி மடங்கி வடத்தின் இழைகள் அறும் என்பது உண்மை. வரம்பில் இயந்திரவியல் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்பது எங்கள் நண்பர்கள் வட்டத்தில் தீராத சண்டை.

நேரான குழாய்வரை வடம் ராஜா. வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ நெளிந்து போகும் கருவி என்றால் கதை மாறும். அங்கே வடம் சைக்கிள் பிரேக் வயர் மாதிரி உறைக்குள் ஓட வேண்டும். உறையில் உராய்ந்து இழுவிசை வீணாகும். அதற்கு வளைவு பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை, மொத்தம் எத்தனை டிகிரி திரும்பியது என்பதுதான் கணக்கு. உராய்வெண் 0.1 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றுக்கு இந்த முனையில் 1.87 மடங்கு இழுக்க வேண்டும், இரண்டு சுற்றுக்கு 3.5 மடங்கு. குடலுக்குள் வளைவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதோடு இந்த மடங்கும் மாறும்.

வடமே வேண்டாம் என்று, சூடானால் சுருங்கும் நிட்டினால் என்ற உலோகக் கலவைக் கம்பிக்குப் போனவர்கள் உண்டு. கல்லூரியில் நானும் அதோடு விளையாடியிருக்கிறேன். 0.15 மில்லிமீட்டர் கம்பிக்கு கரண்ட் கொடுத்தால் சுமார் 300 கிராம் தூக்கும், பார்க்க மாயம்தான். ஆனால் 10 சென்டிமீட்டர் கம்பி சுருங்குவது சுமார் 4 மில்லிமீட்டர், ஆறி நீள ஓரிரு நொடி. தையல் போடும் கைக்கு அந்த ஓரிரு நொடி ஒரு யுகம். காந்தமில்லாமல், மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீங்கானால் ஓடும் பீசோ மோட்டாருக்கு வேறு இடம் இருக்கிறது. எம்ஆர்ஐ அருகே காந்த மோட்டார் ஆகாது என்பதால் கனடாவின் கால்கரியில் நியூரோஆர்ம் ரோபோவுக்கு அதைப் போட்டார்கள். 2008இல் அது மூளைக் கட்டி அறுவையில் வேலை செய்தது.

என்னை இப்போது இழுப்பது காற்று. வடமும் கியரும் செய்த பெரிய அநியாயம், திசுவின் எதிர்ப்பு டாக்டரின் விரலுக்கு வந்து சேராமல் உராய்வில் கரைத்துவிட்டதுதான். 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்சி 5 ரோபோ, கருவியிலேயே விசை உணரியை வைத்து இதைத் தீர்க்கப் பார்க்கிறது. ஜப்பானின் ரிவர்ஃபீல்ட் நிறுவனத்தின் சரோவா ரோபோ போனது வேறு வழி. காற்று சிலிண்டரால் இயக்குகிறார்கள், சிலிண்டரின் அழுத்தத்தை வைத்தே முனையின் பிடிவிசையைக் கணிக்கிறார்கள். நீராவிக்குப் பயந்த உணரி உள்ளே போகவே வேண்டியதில்லை. காற்று அமுங்கும், அதனால் முனையைச் சொன்ன இடத்தில் நிறுத்துவது கடினம் என்பது தெரிந்த குறை. அது மென்பொருளில் தீர்க்கக்கூடிய தொல்லை என்பது என் கட்சி. காற்றுக்கு அலையவும் வேண்டாம்: எலும்புத் துளைக் கருவிகளை ஓட்ட 7 பார் அழுத்தக் காற்றுக் குழாய் பல பெரிய ஆபரேஷன் தியேட்டர்களின் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது.