நிரை வீடு ஓவியக்கூடமான கதை

பழைய வீடுகளைக் கழற்றி வேறிடத்தில் எழுப்பும் வேலைக்கு வந்த பிறகுதான், இடிப்பதற்கும் பிரிப்பதற்கும் இடையிலுள்ள தூரம் எனக்குப் புரிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் எந்தத் தூண் எந்த உத்திரத்தைத் தாங்கியது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. அந்த உறவு அறுபடாமல் வீட்டை முழுதாகக் கொண்டுவருவதே எங்கள் வேலை. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், கேரளத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவ வீடு உட்படப் பல வீடுகள் இப்படி வந்து நிற்பதால், இது நடக்கக்கூடிய காரியம் என்று வீட்டுக்காரர்களிடம் துணிந்து சொல்கிறோம்.

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் ஓவியர்கள் சிலருக்கு வேலைக்கூடமாக, கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் பக்கத்து மரவீடு ஒன்றை எடுத்துவந்தோம். அதன் சுவர்கள் நிரையால், அதாவது வரிசையாக நிறுத்திய பலகைகளால் ஆனவை. பலகைகளை மரத்தில் வெட்டிய காடியில் செருகி நிறுத்தியிருந்தார்கள், ஆணியே இல்லை. மச்சில் ஏறிய ஆசாரி கூரையைத் தாங்கும் கைமரங்களின் தூசியைத் துடைத்தபோது, ஒவ்வொன்றின் அடியிலும் உளியால் கீறிய கோடுகள் தெரிந்தன. ஒரு பக்கத்துக் கூரைக்கு நேர்கோடுகள், எதிர்ப் பக்கத்துக்குச் சாய்கோடுகள். “பிரிக்கிறதுக்கும் சேர்த்தே எழுதி வச்சிருக்கான், தம்பி” என்றார். எங்கள் வரைபடத்திலும் அந்தக் குறிகளையே எழுதிக்கொண்டோம். உளுத்துப்போன தூண்களின் அடியை மட்டும் அறுத்து, அதே அயனி மரத்தில் ஒட்டுப் போட்டார்.

கூடமாக மாற்றும்போதுதான் சிக்கல் எழுந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சித் தாழ்வாரத்தை இறக்கிக் கட்டிய வீட்டுக்குள் எப்போதும் அரையிருட்டு. ஓவியருக்கோ மாறாத வடக்கு வெளிச்சம் வேண்டும். வடக்கு நிரையை அறுத்து ஜன்னல் வைக்க ஓவியர்கள் சொன்னபோது நான் உறுதியாக மறுத்தேன். அறுத்த பலகையை மீண்டும் பலகையாக்க முடியாது, கூரை ஓடுகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எனவே வடக்குச் சரிவில் சில வரிசைகளுக்குக் கண்ணாடி ஓடு போட்டோம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நண்பகல் சூரியன் வடக்கே சாய்வதால், நேர் வெயில் விழும்போதெல்லாம் இழுத்துவிட வெள்ளைத் துணித் திரை ஒன்றும் தேவைப்பட்டது. நெல்லுக்காகத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய அறை, கான்வாஸ்களையும் காகிதங்களையும் வைக்க மாற்றமின்றிப் பொருந்தியது. எளிதில் தீப்பற்றும் டர்பன்டைனும் எண்ணெய்த் துணிகளும் மரவீட்டுக்குள் வரக்கூடாது என்பதால், அவற்றுக்கு வெளியே தனியாக ஓர் ஓட்டுக்கொட்டகை கட்டினோம்.

சிரட்டைக்கரி சேர்த்து மெழுகிய பழைய கருந்தரையை மட்டும் கொண்டுவர வழியில்லை. அதைப் போலி செய்து காட்ட எனக்கு மனமில்லை. சிவப்பு ஆக்சைடில் புதுத் தரை போட்டு, வீடு எந்த ஊரிலிருந்து வந்தது, அதில் எவையெல்லாம் புதியவை என்று வாசல் திண்ணைக்கு மேலே எழுதி வைத்தோம்.