என்னிடம் இல்லாத நீலச் சட்டை

திருவையாற்றுப் பக்கம் எங்கள் வயலில், பம்புசெட் தொட்டிச் சுவரில் போனைச் சாய்த்து, டைமர் வைத்து என்னை நானே எடுத்த படம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிய நாள். பின்னால் குறுவை நாற்றங்கால். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துத் தொலைத்ததால் கலர் பிரதி கிடையாது. சரி, கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் நிறம் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

படத்துக்கு மேல் புது லேயர் போட்டு, அதன் மோடை 'கலர்' என்று மாற்றினால் கீழே உள்ள வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் ஏறும். இந்தக் கலர் மோடில் எச்எஸ்எல், எல்சிஎச் என்று இரண்டு வகை பார்த்தேன். எச்எஸ்எல் கலரில் நீலம் பூசிய இடம் இருண்டு போனது. எல்சிஎச் கலரில் அந்தத் தொல்லை இல்லை.

டெல்டாக்காரனுக்குப் பச்சையைச் சொல்லித்தர வேண்டுமா? நாற்றுப் பச்சையைத் தாராளமாகக் கொட்டினேன். சட்டை நிஜத்தில் அரக்கு. பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு என்று ஓவிய வகுப்பில் படித்திருக்கிறேனே, பொருந்திவிடும் என்று நினைத்தேன். வந்தது திருவிழா பேனர். நடுவில் என் முகம் காமாலைக்காரன் மாதிரி.

நிறங்களை வட்டமாக அடுக்கிய சக்கரங்களில், பெயிண்ட் சக்கரத்தில்தான் பச்சைக்கு எதிரே சிவப்பு. திரையின் சக்கரத்தில் பச்சை 120 டிகிரி, எதிரே 300-ல் மெஜந்தா. அதைவிடப் பெரிய தப்பு, பின்னணியில் ஆரம்பித்தது. முகத்தில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

என் மாநிறம் 25 டிகிரி வாக்கில், ஆரஞ்சுப் பக்கம் நின்றது. ஆனால் அந்த ஒரே நிறத்தை முகம் முழுக்கப் பூசினால் கொலு பொம்மைதான். நெற்றியில் கொஞ்சம் மஞ்சள், கன்னத்திலும் மூக்கு நுனியிலும் சிவப்பு, மழித்த தாடையில் லேசான நீலச் சாம்பல் என்று பிரித்தேன். இதற்கு மட்டும் இரண்டு ராத்திரி போனது. காது மடலில் சிவப்பு ஏறியபோதுதான் ஆள் உயிரோடு இருப்பதாகத் தோன்றியது.

அப்புறம் மற்றதெல்லாம் சுலபம். 25-க்கு நேர் எதிர் 205, மங்கல் நீலம், அது சட்டைக்கு. வயலை மஞ்சள் பக்கம் 70 வரை தள்ளி, நிறச் செறிவைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினேன். முகம் முன்னால் வந்தது.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஏதுடா இந்தச் சட்டை? அதுசரி, நாத்தங்கால்ல எப்படி அதுக்குள்ள கதிர் முத்துச்சு?”